நான் சொன்ன ஓம்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு எல்லாம் சொல்லித் தந்துவிட்டார்கள். எங்கே நிற்பது, எப்போது கையைத் தூக்குவது, மழை வந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று ஒன்றும் மிச்சமில்லை. கடைசி நாள் நானும் வந்து ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கதைத்ததெல்லாம் என் கெட்டித்தனம். நீங்களும் நன்றாகச் சிரித்தீர்கள், தேநீர் குடித்தீர்கள், கை தட்டினீர்கள். விம்பிள்டனுக்குத் திரும்பும் வழியில் டிராமில் இருந்துகொண்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அதை ஆங்கிலத்தில் சொன்னால் விளங்காது. இந்த வருடம் பேஸ்போல் நடுவராகச் சேர்ந்த ஆறு பேரில் மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இது அந்த மூன்று பேருக்கும்.

பதினாறு வருடம் தெற்கு லண்டன் பூங்காக்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவராக நின்றேன். கிழமை நாட்களில் ஒரு கண்ணாடிக் கடையில் வரவேற்பில் இருந்தேன். ‘அம்பயருக்குக் கண் தெரியவில்லை’ என்று கத்தியவர்களுக்குக் கடை விலாசத்தைக் கொடுத்த கதையை வகுப்பில் சொல்லிவிட்டேன், அதை விடுவோம். இந்த வேலைக்கு நான் வந்தது எல்லே விளையாட்டால். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து எல்லே அணியில் நான் இருந்தேன். தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு இடம் சுற்றி ஓடி வருவதுதானே எல்லே. பேஸ்போலும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எல்லேயில் ஓடுகிறவரின் முதுகில் பந்தை எறிந்து பட்டால் அவுட். பேஸ்போலில் அப்படி எறிந்தால் வீண் சண்டைதான் வரும். பேஸ் என்கிற அந்த நாலு இடத்திலும் கால் இல்லாத நேரம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தொட வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் மரங்கொத்திகள் எங்கள் பிரிவுக்குள் வந்தார்கள். வுட்பெக்கர்ஸ் என்று பதிந்திருந்தார்கள். தங்களுக்குள் மரங்கொத்தி என்றுதான் சொல்வார்கள். எங்கள் லீக்கின் முதல் தமிழ் அணி. அதைத் தொடங்கிய தலைவர் ஹொலண்டில் இருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு மாறி வந்தவர். குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிற தொழில். சின்ன வயதில் ஹொலண்டில் பேஸ்போல் ஆடியிருக்கிறார். இங்கே டூட்டிங்கிலும் லூயிஷாமிலும் ஆள் ஆளாகப் பிடித்துச் சேர்த்தார். அவரையும் இன்னும் இரண்டு பேரையும் தவிர மற்ற எல்லாரும் எல்லே ஆடியவர்கள்.

அவர்களுடைய முதல் ஆட்டத்திலேயே நான் நடுவர். மூன்றாவது சுற்றில் எதிரணிக்காரர் ஒருவர் ஓடிக்கொண்டிருக்க, தலைவருடைய மனைவியின் தம்பி பந்தை எடுத்து அவருடைய முதுகில் ‘படார்’ என்று எறிந்தார். மரங்கொத்திகள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ‘அவுட்!’ என்று துள்ளினார்கள். முதுகில் வாங்கியவர் திரும்பி அடிக்க வந்துவிட்டார். நான் இடையில் புகுந்து, அவுட் இல்லை என்று கையை விரித்தேன்.

“அக்கா, உங்களுக்கு எல்லே தெரியும்தானே!” என்று கத்தினார் எறிந்தவர்.

“இது எல்லே இல்லை மச்சான். அக்கா சரியாத்தான் சொல்லுறா. போய் உங்கட உங்கட இடத்தில நில்லுங்கோ,” என்றார் தலைவர்.

பிறகு என்னிடம் வந்து, “குறை நினைக்காதேங்கோ அக்கா. பழகியிடுவாங்கள்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த அணியில் ஒருவரும் என் தீர்ப்புக்கு எதிராக வாய் திறக்கவில்லை. அக்கா சொன்னால் சரி. அப்படி ஒரு நம்பிக்கையை அந்த மனிதர் எனக்கு வாங்கித் தந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் வேலையோடு இன்னொரு வேலையும் என் தலையில் இருந்தது. ஞாயிறு ஆட்டங்கள் முடிந்ததும் எங்கள் பிரிவின் நிலவரத்தை ஆறேழு வரியில் எழுதி லீக் இணையத்தளத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த அணி ஏறுகிறது, எது இறங்குகிறது, யாருடைய தோள்மூட்டு நோகிறது, எல்லாம் அதில் வரும். எனக்கு அது பிடித்த வேலை. ஆட்டம் நடக்கும்போதே வசனங்கள் மனதில் ஓடும். அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று அப்போது தெரியாது.

அந்த வருடம் ஐந்து அணிகள். ஒருவரோடு ஒருவர் ஒரு தடவை மோதி முடித்த நேரம் அட்டவணை படிக்கட்டு மாதிரி இருந்தது. ஹெரன்ஸ் நாலு ஆட்டத்திலும் வெற்றி. பெட்ஜர்ஸ் மூன்று. கிங்ஃபிஷர்ஸ் இரண்டு. பிரிக்கீஸ் ஒன்று. மரங்கொத்திகள் பூச்சியம். பிரிக்கீஸின் அந்த ஒரு வெற்றியும் மரங்கொத்திகளிடம் எடுத்ததுதான். ‘பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, எதுவும் நடக்கலாம்’ என்று எழுதினேன். எல்லா வருடமும் எழுதுகிற வரி.

ஆனால் மரங்கொத்திகளுக்குப் பருவம் ஏற்கெனவே முடிகிற நிலைமை. பதினான்கு பேராகத் தொடங்கியவர்கள் பத்துப் பேராகிவிட்டார்கள். ஒருவருக்கு ஞாயிறு ஷிப்ட், ஒருவருக்கு முழங்கால், மற்ற இரண்டு பேருக்கும் தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது. ஆட ஒன்பது பேர் வேண்டும். ஒன்பது இல்லாமல் இரண்டு தடவை வந்தால் பிரிவில் இருந்தே எடுத்துவிடுவார்கள். ஆறாவது ஞாயிறு அவர்களுக்கு மறுபடியும் பிரிக்கீஸோடு ஆட்டம். தொடங்குவதற்கு முன் வேலிக்கரையில் சப்பாத்து மாட்டிக்கொண்டே அந்த மச்சான்காரர் பக்கத்தில் இருந்தவரையும் காட்டித் தலைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“அத்தான், இண்டைக்கும் தோத்தால் நானும் இவனும் இனி வரமாட்டம். சனம் சிரிக்குது.”

“இண்டைக்கு வெல்லுவம். நீ அடி, நான் ஓடுறன்,” என்றார் தலைவர்.

பத்தில் இரண்டு போனால் எட்டு. கணக்கு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்று இரண்டு நடுவர்கள். அடிப்பவருக்குப் பின்னால் நின்றவர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி, வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. பேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. முதல் சுற்று முடிந்து நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பிரிக்கீஸின் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, “உங்கள் ஆட்களை நீங்கள் கவனித்துக்கொள்வீர்கள்தானே,” என்றார். பகிடிதான். நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, அந்தச் சொல் நெஞ்சுக்குள்ளே போய் இருந்துவிட்டது. நாசமாய்ப் போன சொல்.

கடைசிச் சுற்று வந்தது. மரங்கொத்திகள் ஓர் ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. தூறல் வேறு. யாரோ ஒருவர் பந்தை வலது மூலைக்கு அடிக்க, முதலாம் பேஸில் நின்ற தலைவர் சேற்றில் சறுக்கிக்கொண்டு மூன்றாம் பேஸுக்கு வந்து சேர்ந்தார். அடித்தவர் இரண்டாம் பேஸில். அடுத்து மட்டையோடு வந்தவர் மச்சான். அணியிலேயே நல்ல அடிகாரர். ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் ஓடி வந்துவிடுவார்கள், வெற்றி.

நான் மூன்றாம் பேஸுக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்றேன். என் கண் மச்சானில் இருந்தது. மனம் எங்கே இருந்தது தெரியுமா? அன்றைய நிலவர வரிகளை எழுதிக்கொண்டிருந்தது. ‘நாலு தோல்விகளுக்குப் பிறகு, மழைத்தூறலில், மரங்கொத்திகள் தங்கள் முதல்…’ அந்த வசனத்தை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஐயோ, அவர்கள் வெல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

“அக்கா, ஒருக்கா டைம் தாறியளே? சப்பாத்து கழண்டுபோச்சு.”

“ஓம்… ஓம்,” என்றேன்.

எங்கள் ஓம் இரண்டு வேலை செய்யும், உங்களுக்குத் தெரியும். ஒன்று, சரி என்கிற ஓம். மற்றது, நீ சொல்வது காதில் விழுகிறது, சொல்லு, என்கிற ஓம். தொலைபேசியில் அரை மணித்தியாலம் ஒருவர் கதைக்க, மறுபக்கத்தில் நாங்கள் போட்டுக்கொண்டிருக்கிற ஓம். நான் சொன்னது அந்த இரண்டாவது ஓம். அதுகூட இல்லை, எனக்கு ஒன்றும் காதில் விழவே இல்லை. ஒரு தமிழ்க் குரல் வந்தது, வாய் தானாக ஓம் போட்டது. வெள்ளைக்காரர் யாராவது கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்து, ‘டைம்!’ என்று கத்தி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தியிருப்பேன்.

நான் கையைத் தூக்கவில்லை. தலைவர் பேஸை விட்டு ஓர் அடி தள்ளிப்போய்க் குனிந்து சப்பாத்தைக் கையில் எடுத்தார். பந்து பிரிக்கீஸின் மூன்றாம் பேஸ்காரர் கையிலேயே இருந்தது. அவர் பக்கத்தில் வந்து தலைவரின் தோளில் மெல்லத் தொட்டார். தொட்டதை நான் கண்டேன். என் கை தானாக எழுந்தது.

“அவுட்!”

கை எழுந்த பிறகுதான் என் ஓம் என் காதில் விழுந்தது.

தலைவர் ஒரு காலில் ஒரு சப்பாத்தும் கையில் மற்றச் சப்பாத்துமாக என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். அக்கா இதைத் திருத்திவிடுவா என்கிற முகம். பிறகு என் கூட்டாளி நடுவரிடம் ஆங்கிலத்தில், “நான் அவரிடம் டைம் கேட்டேன். அவர் யெஸ் சொன்னார்,” என்றார்.

பிரிக்கீஸ் பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். “அவர்கள் தங்கள் பாஷையில் என்னத்தையும் பேசிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது? யாருக்கு விளங்கும்?”

கூட்டாளி என்னைத் தனியாக ஓர் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலை உயர்த்தவே இல்லை.

“அவர் உன்னிடம் டைம் கேட்டாரா?”

“ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை.”

“நீ யெஸ் சொன்னாயா?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நடுவர் தன் வாயால் ஆட்டக்காரரைப் பிழையாக நடத்திவிட்டால் அதைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ‘ஓம் என்று சொன்னேன், எங்கள் பாஷையில் அது யெஸ்தான், பிழை என்னுடையது’ என்று ஒரு வசனம் சொன்னால் போதும். தலைவர் மூன்றாம் பேஸுக்குத் திரும்பிப் போவார், சப்பாத்தைக் கட்டுவார், மச்சான் மட்டையைப் பிடிப்பார். அடிக்கிறாரோ இல்லையோ அது அவர் பாடு. பயிற்சியாளர் ஐந்து நிமிடம் கத்துவார். அவ்வளவுதான்.

நான் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்தேன். ‘உங்கள் ஆட்களை நீங்கள் கவனித்துக்கொள்வீர்கள்தானே.’ அந்த லீக்கின் நடுவர்களில் நான் ஒருத்திதான் தமிழ். இத்தனை வருடம் ஒருவரும் என்னைப் பக்கம் சாய்ந்தவள் என்று சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுவார்களே. என் பெயரைக் காப்பாற்றுவதற்கு ஒரு வழிதான் தெரிந்தது.

“நான் யெஸ் சொல்லவில்லை,” என்றேன்.

உண்மைதான். யெஸ் என்ற சொல் என் வாயில் வரவில்லை. பொய் சொல்லாமல் பொய் சொல்ல எனக்கு அரை நொடி போதுமாக இருந்தது.

கூட்டாளி தலையை ஆட்டிவிட்டு, ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். அவருக்கு என் சொல் போதும். தலைவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

“ஓம் அக்கா. நீங்கள் யெஸ் எண்டு சொல்லேல்லைத்தான்.”

சொல்லிவிட்டு வேலிக்கரைப் பக்கம் நடந்தார். மச்சான்தான் மட்டையை நிலத்தில் அடித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்: “சப்பாத்துக் கட்டுற நேரமே அத்தான் இது? தூங்கிப்போட்டு அக்காவில பழியைப் போடுறியள்! அந்த மனிசி பொய் சொல்லுமே?”

அந்த மனிசி பத்தடி தள்ளி நின்று தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் நிலவரம் எழுத உட்கார்ந்தேன். ‘கடைசி ஓட்டக்காரர் கவனக்குறைவாகப் பேஸை விட்டு விலகியதால் மரங்கொத்திகளின் முதல் வெற்றி கை நழுவியது’ என்று எழுதினேன். கவனக்குறைவாக! அந்தச் சொல்லை ஒரு தடவை அழித்தேன், பிறகு திருப்பிப் போட்டேன். அது இன்றைக்கும் இணையத்தளத்தில் கிடக்கிறது. தேடினால் வரும்.

அடுத்த ஞாயிறு மரங்கொத்திகள் ஏழு பேர் வந்தார்கள். மச்சான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஐந்து பேர். அன்று நான் நடுவர். தலைவர் மட்டைகளையும் தலைக்கவசங்களையும் தன் வான் வண்டியில் இருந்து இறக்கி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, பூங்கா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணித்தியாலம் பொறுத்தேன், அரை மணித்தியாலம் பொறுத்தேன். சட்டம் சொல்வதை விடக் கூடவே பொறுத்தேன். ஒருவரும் வரவில்லை. ஆட்டம் இல்லை என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. “பரவாயில்லை அக்கா,” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் ஏற்றினார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிரிவில் இருந்து அவர்களை எடுத்தார்கள். எடுத்தால் அவர்களோடு ஆடிய ஆட்டங்களும் அட்டவணையில் இருந்து போய்விடும். பிரிக்கீஸ் அதுவரை வென்றதே இரண்டு ஆட்டம், இரண்டும் மரங்கொத்திகளிடம். இரண்டும் அழிந்து பிரிக்கீஸ் பூச்சியமானது. என் அவுட்டால் ஒருவருக்கும் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. நாலு அணிகளோடு அட்டவணையைத் திருத்திப் போட்டதும் என் கைதான்.

வாய் திறப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று ஏழு வருடம் போய்விட்டது. போன இலையுதிர் காலத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். என் பழைய கூட்டாளி, அதிகம் பேசாத அந்த மனிதர், எழுந்து பேசினார். என் நடுநிலைக்கு உதாரணமாக எந்தக் கதையைச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? ‘தன் சொந்த ஆட்களின் முதல் வெற்றியையே கண்முன்னால் தடுத்து, சரியான தீர்ப்புக் கொடுத்தவர்’ என்றார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கண்ணாடியால் செய்த ஒரு நினைவுப் பரிசும் தந்தார்கள். நான் அதை வாங்கி, சிரித்து, படத்துக்கு நின்றேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

பக்கம் சாய்ந்துவிடாதீர்கள் என்று உங்களுக்கு வகுப்பில் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? சாய்ந்தவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து மற்றப் பக்கம் விழுந்தவள் நான். விழுந்ததற்குக் கைதட்டல் வாங்கியவள். மைதானத்தில் உங்கள் ஆள் ஒருவர் உங்களிடம் தமிழில் ஏதாவது கேட்டால் திரும்பி முகத்தைப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், அல்லது இல்லை என்று சொல்லுங்கள். ஓம் போடாதீர்கள். பிழை விட்டால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே சொல்லுங்கள். பிறகு சொல்வதற்கு ஆட்கள் இருக்கமாட்டார்கள். இது நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை, போன மாதம் டூட்டிங்கில் தெரிந்துகொண்டது.

மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் நுனியை முறித்து முறித்துப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு நின்றார் தலைவர். தாடி நரைத்திருந்தது. ஓடிப்போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு பக்கத்தில் போனேன்.

“தம்பி, என்னைத் தெரியுதே?”

“தெரியாமல் என்ன அக்கா. சுகமா இருக்கிறியளே?”

“அண்டைக்கு நீங்கள் டைம் கேட்ட நேரம் நான் ஓம் எண்டனான். தெரிஞ்சுகொண்டுதான் மறைச்சனான்.”

ஒரு வெண்டிக்காயை முறித்தார். முற்றல். திருப்பிப் போட்டார்.

“எனக்குத் தெரியும்தானே அக்கா,” என்றார்.

“உங்கட மச்சானுக்கும் நானே சொல்லுறன். நம்பரைத் தாங்கோ, இப்பவே எடுக்கிறன்.”

“அவன் கனடாவுக்குப் போயிட்டான். அண்டையில இருந்து என்னோட கதை பேச்சில்லை. தமக்கை எண்டு என்ர மனிசியோட மட்டும் கதைப்பான். நான் போனை வாங்கினால் வைச்சிடுவான்.”

“ஒரு ஆட்டம் தோத்ததுக்கோ?”

“தோத்ததுக்கு இல்லை அக்கா. அவன்ட முகத்துக்கு முன்னால நான் பொய் சொன்னனாம். ஒரு அக்காவில பழி போட்ட மனிசனோட என்ன கதை எண்டு கேட்டவனாம்.”

“நான் எழுதிக் குடுக்கிறன் தம்பி. என்ர கையால எழுதி அனுப்புறன்.”

“ஏழு வருசத்துக்குப் பிறகு, நான்தான் கேட்டு எழுதுவிச்சன் எண்டு சொல்லுவான். விடுங்கோ.”

எனக்குக் கண் முட்டிவிட்டது. கடையில் ஆட்கள் போய் வருகிறார்கள், ஒருவர் வெங்காயப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எங்களை விலகச் சொல்கிறார். அதற்குள்தான் சொன்னேன்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி.”

“ஓம் அக்கா… ஓம்,” என்றார். கண் வெண்டிக்காயில் இருந்தது.

பையை முடிச்சுப் போட்டுக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார். அது எந்த ஓம் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் போய்க் கேட்டிருக்கலாம், பத்தடிதான். கேட்கப் பயமாக இருந்தது.